உங்க தம்பி பேரும் என் ஃபிரெஞ்சுப் பரீட்சையும்

மந்தைவெளி, சென்னை
அக்டோபர் 16, புதன்கிழமை

என் மேல் எப்போதும் கோபமாகவும், அந்தக் கோபத்தைவிட ஒரு பிடி கூடுதலாகப் பாசமாகவும் இருக்கும் இசக்கியம்மாள் மதினி அவர்களுக்கு, உங்கள் தம்பி பெண்டாட்டி தங்கபுஷ்பம் கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே நானும் முத்துகிருஷ்ணனும் மருமகளும் சுகம். திசையன்விளையில் உங்கள் மூட்டுவலியும், அண்ணாச்சியின் சர்க்கரையும், அவர் உங்களுக்குத் தெரியாமல் தின்கிற மஸ்கோத்து அல்வாவும் எப்படி இருக்கிறது என்று அறிய ஆவல். நீங்கள் அனுப்பிய பார்சல் வந்து சேர்ந்தது. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் கேட்பேன். முப்பத்தொரு வருஷமாக அதுதான் வழக்கம், குறை சொல்லவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பேசியது நாற்பது நிமிஷம். நடுவில் நீங்கள் தண்ணி குடித்த இடத்தில் "மதினி" என்று ஆரம்பித்தேன். "ஏட்டி, குறுக்க பேசாத" என்று சொல்லிவிட்டு மிச்சத் தண்ணியைக் குடித்தீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச உங்களால் முடியாது பாருங்கள், அதனால்தான்.

முதலில் உங்கள் மனசு ஆறட்டும். நீங்கள் சொன்னபடியே செய்கிறேன். ஃபிரெஞ்சை விட்டுவிட்டேன். தம்பி போய் வருஷம் திரும்பவில்லை, இவள் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாளே என்று நாலு பேர் பேசுவது உங்கள் காதுக்கு இனி வராது. 25-ந் தேதி நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்தாச்சு. தீபாவளிக்கு முன்னால் அங்கே வந்து சேருகிறேன். "வந்தா திரும்பிப் போற பேச்சே கிடையாது" என்று சொன்னீர்கள், அதற்கும் தலையாட்டிவிட்டேன். போனில் தலையாட்டியது உங்களுக்குத் தெரிந்திருக்காது, அதனால் எழுதிவைக்கிறேன். ஆனால் வருவதற்கு முன்னால் நடந்தது நடந்தபடி உங்களுக்குத் தெரியணும். என் சித்தி மகள் சூடாமணி உங்களிடம் சொன்னது பாதி. அதுவும் தப்பான பாதி.

நானாக ஃபிரெஞ்சு படிக்கப் போகவில்லை மதினி. துக்கப்படத்தான் போனேன். மாடி தப்பிப் போய்விட்டது.

உங்க தம்பி மாசியில் போனதிலிருந்து நான் சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். முத்துகிருஷ்ணன் காலையில் கடைக்குப் போனால் ராத்திரிதான் வருவான், மருமகளும் ஆபீஸ் போய்விடுவாள். நானும் சுவரும்தான். அவன் எங்கேயோ விசாரித்துக்கொண்டு வந்தான். அபிராமபுரத்தில் ஒரு கட்டடம், இரண்டாவது மாடி, சனிக்கிழமை நாலு மணிக்கு ஒரு கூட்டமாம். வீட்டில் ஒருத்தரைப் பறிகொடுத்தவர்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒவ்வொருத்தராக எழுந்து, பேரைச் சொல்லி, மனசில் இருப்பதைப் பேசுவார்களாம். "சும்மா போய் உக்காரும்மா, பேசணும்னுகூட இல்ல" என்றான். ஜூன் மாசம் ஒரு சனிக்கிழமை போனேன். தெருவிலிருந்து வாசலுக்கு ஏறுகிற எட்டுப் படியையும் ஒரு மாடியாக எண்ணிவிட்டேன் போல. இரண்டாவது மாடி என்று நினைத்து நுழைந்தது முதல் மாடி.

உள்ளே பார்த்தால் அவன் சொன்னபடியே வட்டமாக நாற்காலி. பத்துப் பேர் இருப்பார்கள். சட்டையை உள்ளே விட்ட, நல்ல தாட்டியான ஒரு பெரியவர் எழுந்து நின்றார். "ழ... ழ..." என்றார். அதற்கு மேல் வரவில்லை. கண்ணை மூடினார். நெற்றியைத் துடைத்தார். மறுபடியும் "ழ..." என்றார். சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் வாயையே பார்த்தார்கள். ஐயோ பாவம், பெண்டாட்டி போய்விட்டாள் போல, அதுவும் சமீபத்தில் என்று நினைத்தேன். ஒருவழியாக ஏதோ சொல்லி முடித்துத் தொப்பென்று உட்கார்ந்தார். எல்லாரும் கைதட்டினார்கள். நடுவில் நின்ற சின்னப் பெண் நெஞ்சில் கைவைத்து "த்ரே பியன், த்ரே பியன்" என்றாள். அடுத்து பர்தா போட்ட ஓர் அம்மா எழுந்தாள். இரண்டு வார்த்தை சொன்னாள், தலையில் அடித்துக்கொண்டாள், "யா அல்லா" என்று மேலே பார்த்தாள். அவர்கள் பேசியது தமிழ் இல்லை என்று எனக்குத் தெரியும் மதினி, அவ்வளவு மக்கு இல்லை. இங்கிலீஷ் என்று நினைத்தேன். அபிராமபுரத்தில் துக்கம்கூட இங்கிலீஷில்தான் படுவார்கள் போல என்று எண்ணிக்கொண்டேன். எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு இங்கிலீஷ் எது, இன்னொன்று எது என்று எப்படித் தெரியும்?

என் முறை வந்தது. எழுந்தேன். "தங்கபுஷ்பம்" என்றேன். அவ்வளவுதான். ஆறு நாள் காரியத்தில் வராத அழுகை, பதினாறாம் நாள் வராத அழுகை, அங்கே வந்தது. நின்றபடியே பத்து நிமிஷம் அழுதேன். பர்தா அம்மா எழுந்து வந்து முதுகைத் தடவினாள். அந்தச் சின்னப் பெண் தண்ணீர் கொடுத்து, "அழாதீங்க ஆன்ட்டி. முதல் நாள் எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும். ஒண்ணுமே புரியாது, ஓடிப்போயிடலாம்னு தோணும். போகப் போகப் பழகிடும். நான் கூட இருக்கேன்ல?" என்றாள். வீட்டுக்கு வந்த நூற்றுக்கணக்கான பேரில் ஒருத்தர்கூட எனக்கு இவ்வளவு சரியாக ஆறுதல் சொன்னதில்லை மதினி. உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அடுத்த சனிக்கிழமையும் போனேன். டீ கொடுக்கிற நேரத்தில் அந்தத் தாட்டியான பெரியவர் பக்கத்தில் போய், குரலைத் தாழ்த்தி, "உங்களுக்கு யாருங்க தவறினாங்க?" என்று கேட்டேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"யாரும் தவறலையே மேடம். ஏன், உங்களுக்கு எதாவது தகவல் வந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே போனை எடுத்து வீட்டுக்கு அடித்தார். "சரோ, நீ நல்லாத்தானே இருக்க?" என்று அவர் கேட்டதும், அந்தப் பக்கம் அந்த அம்மா, "என்ன திடீர்னு அக்கறை? கிளாஸுக்குத்தானே போனீங்க?" என்று போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

பர்தா அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா, அக்கா, இது துக்கம் பேசுற எடம் இல்லக்கா. இது ஃபிரெஞ்சு கிளாஸு! அவரு அழுவல, அவருக்கு வாய்ல நொழையல!" என்றாள். அதே நேரம் மேல் மாடியிலிருந்து ஹஹ்ஹஹ்ஹா என்று பெரிய கூட்டமாகச் சிரிக்கிற சத்தம். "அப்போ அது?" என்று மேலே கையைக் காட்டினேன். "அதான்க்கா நீ போவ வேண்டிய எடம். கடைசியில அரை மணி நேரம் சிரிக்கிற பயிற்சி குடுக்குறாங்களாம்."

மதினி, உங்களிடம் சத்தியமாகச் சொல்கிறேன், உங்க தம்பி போனபிறகு நான் முதன்முதலாகச் சிரித்தது அன்றைக்குத்தான். கையில் இருந்த டீ சேலையில் கொட்டுகிற அளவுக்குச் சிரித்தேன். இனி ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெரியவர் கருணாகரன், பாங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். நாள் முழுக்க வீட்டில் இருந்து சமையலில் குறை சொல்கிறார் என்று அவர் வீட்டம்மாவே சேர்த்துவிட்டது. பர்தா அம்மா ஜஹீதா. ராயப்பேட்டையில் பரம்பரையாக ஜரிகைப் பூ வேலை. அவர்கள் போடுகிற பூ வேலை பிரான்ஸ் தேசத்துக்குப் போகிறதாம். "வீடியோல பேசசொல்ல வெலையைச் சொன்னதும் வாங்குறவங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்து என்னமோ சொல்லிக்கிறாங்கக்கா. அது இன்னான்னு தெரிஞ்சாவணும் எனக்கு" என்று சேர்ந்தவள். தண்ணீர் கொடுத்த சின்னப் பெண் ஷண்முகப்ரியாதான் டீச்சர்; அவள் சொன்ன "த்ரே பியன்" என்றால் ரொம்ப நல்லது என்று அர்த்தமாம். இவ்வளவு பேர்தான்.

மாடி தெரிந்த பிறகும் ஏன் மேலே போகவில்லை என்று கேட்பீர்கள். போகத்தான் இருந்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். இந்த எட்டு மாசத்தில் தமிழ் தெரிந்த யார் என்னைப் பார்த்தாலும் முதல் கேள்வி, "எப்படிம்மா ஆச்சு?" இரண்டாவது, "முன்னாடியே டாக்டர் கிட்ட காட்டலையா?" மூன்றாவது, "நீ பக்கத்துல இல்லையா?" நான் இல்லை மதினி. அன்றைக்கு நான் வீட்டில் அரைத்துக்கொண்டிருந்தேன். அவுக கடையில் லைனிங் துணி கிழித்துக் கொடுத்துக்கொண்டே சரிந்துவிட்டாக. இதை எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்வது? ஆனால் இந்த வகுப்பில் யாரும் இதைக் கேட்கவே முடியாது. கேட்பதற்கு அவர்களிடம் வார்த்தை கிடையாது! கருணாகரன் சாருக்குக் கேட்கத் தெரிந்ததெல்லாம், பேர் என்ன, எத்தனை பிள்ளை, நாய் பிடிக்குமா பூனை பிடிக்குமா, இன்றைக்கு வெயிலா மழையா. வாரா வாரம் அதையே ஆசையாகக் கேட்பார். நானும் வாரா வாரம், பூனை பிடிக்கும், மழை இல்லை என்று ஆசையாகப் பதில் சொல்வேன். உலகத்தில் இப்படி ஒரு நிம்மதி இருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. படிவம் வாங்கிச் சேர்ந்துவிட்டேன். படிவத்தில் கணவர் பேர் என்ற இடத்தை ஜஹீதா என் ஆதார் அட்டையைப் பார்த்து எழுதினாள்.

இனி சூடாமணி விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் உள்ள சாமான்களின் ஃபிரெஞ்சுப் பேரைச் சீட்டில் எழுதி அந்தந்தச் சாமானில் ஒட்டணும் என்பது வீட்டுப்பாடம். அப்போதுதான் மனசில் நிற்குமாம். கதவு, நாற்காலி, பிரிட்ஜ், கண்ணாடி, கிரைண்டர் எல்லாவற்றிலும் ஒட்டினேன். கிரைண்டருக்கு ஃபிரெஞ்சில் பேர் டீச்சருக்கே தெரியவில்லை, ஆனாலும் ஒன்று எழுதிக் கொடுத்தாள். கடைசியில் ஒரு சீட்டு மிச்சம் இருந்தது. உங்க தம்பி படத்துக்குக் கீழே "மோன் மரி" என்று ஒட்டினேன். என் வீட்டுக்காரர் என்று அர்த்தம். வேறு ஒன்றும் இல்லை.

அந்த நேரம் பார்த்து சூடாமணி வந்தாள். பார்த்தாள். வெளிறிப்போனாள். "யக்கா, யாரு வந்துட்டுப் போனா? அத்தான் போட்டோவுல என்ன எழுதியிருக்கு? எந்த மலையாளத்தான் வேலக்கா இது?" என்றாள். நான் நிதானமாக, "அது ஃபிரெஞ்சு" என்றேன். "ஃபிரெஞ்சுல செய்வினை வைக்கிறானுவளா!" என்று செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் ஓடிவிட்டாள். அதற்குப் பிறகுதான் உங்கள் பார்சல் வந்தது. இருபத்தொரு எலுமிச்சம்பழம், விபூதி, கறுப்புக் கயிறு. மதினி, உங்கள் அன்புக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன். பழம் ஒவ்வொன்றும் நல்ல திரட்சி. உப்புப் போட்டு வெயிலில் வைத்திருக்கிறேன். நான் வருவதற்குள் ஊறிவிடும், அங்கேயே எடுத்துக்கொண்டு வருகிறேன். கயிற்றை மட்டும் கிரைண்டரில் கட்டிவிட்டேன், பேர் இல்லாத சாமான் பாவம்.

சண்டையும் போட்டேன், அதையும் யாராவது சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். ஒருநாள் கலர் பாடம். டீச்சர் பன்னிரண்டு கட்டம் போட்ட ஓர் அட்டையைக் காட்டினாள். ஒரு கட்டத்தைத் தொட்டு, "வேர். பச்சை" என்றாள்.

"எந்தப் பச்சை?" என்றேன்.

"பச்சை, ஆன்ட்டி. எல்லாப் பச்சையும் வேர்தான்."

முப்பது வருஷம் மேட்சிங் கடை வைத்துப் பிழைத்த குடும்பம் மதினி நம்முடையது. சேலையோடு வருகிறவளுக்கு அரை இழை வித்தியாசம் தெரியாமல் ரவிக்கைத் துணி எடுத்துக் கொடுத்த மனுஷனோடு வாழ்ந்தவள் நான். என்னிடம் வந்து எல்லாப் பச்சையும் ஒன்று என்றால்? அடுத்த சனிக்கிழமை தி. நகர் கடைக்குப் போய் லைனிங் துணி மாதிரிக் கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தேன். உங்க தம்பி போனபிறகு அன்றைக்குத்தான் கடைப்படி ஏறினேன் என்பது மேஜை மேல் அதைப் பிரித்த பிறகுதான் உறைத்தது. கிளிப்பச்சை, பாசிப்பச்சை, ராமர் பச்சை, பாட்டில் பச்சை, மருதாணிப் பச்சை, வாழைக்குருத்து என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். "இதுக்கு என்ன பேரு? இதுக்கு?" டீச்சர் புத்தகத்தைப் புரட்டினாள். போனைத் தட்டினாள். மயில்கழுத்தை எடுத்து நீட்டினேன். நீலம் என்றாள். துணியை மடித்துக் காட்டினேன். பச்சை என்றாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ஜஹீதா என் பக்கம் சேர்ந்துகொண்டாள். "வுடாதக்கா! வெங்காயத்தோலு கலரை எடு!"

கருணாகரன் சார் மட்டும் தன் சட்டையைப் பிடித்துக்காட்டி, "இது என்ன கலர்மா? பத்து வருஷமா வெள்ளைன்னு நெனைச்சுப் போட்டுட்டிருக்கேன்" என்றார். "சந்தனம், சார்" என்றேன். "அதான் சரோ மேட்சிங்கா இல்லைன்னு சொல்லிட்டே இருந்தா" என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அன்றைக்கு ஒரு மணி நேரம் பாடம் நடத்தினது நான்தான் மதினி. மேல் மாடியைவிட எங்கள் மாடியில் சிரிப்புச் சத்தம் அதிகமாக இருந்தது என்று வாட்ச்மேன் சொன்னார்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இது உங்களிடம் சொல்ல வேண்டிய விஷயம், வேறு யாரிடமும் இல்லை.

எனக்குக் கல்யாணமாகி மூன்றாம் நாள். உங்கள் வீட்டு அடுக்களையில், உங்க தம்பி பேரைச் சொல்லி, அவுக சாப்பிட்டாச்சா என்று கேட்டுவிட்டேன். பத்தொன்பது வயசு, தெரியாமல் கேட்டது. நீங்கள் என் தொடையில் கிள்ளினீர்கள். ஒரு வாரம் கன்றிப்போய் இருந்தது. "புருசன் பேரச் சொன்னா அவன் ஆயுசு குறையும், இனி வாயில வரப்படாது" என்றீர்கள். வரவில்லை மதினி. அவுக பேர் கொண்ட சாமியைக்கூட நான் புள்ளையார் என்றுதான் சொல்வேனே தவிர, அவர் இன்னொரு பேரைச் சொன்னதில்லை. இப்போது உங்க தம்பி போன் என்னிடம்தான் இருக்கிறது. அதில் ஆட்டோ கூப்பிட்டால் அவுக பேரில்தான் வரும். வருகிறவர் அந்தப் பேரைச் சொல்லித்தான், "நீதானாம்மா?" என்று கேட்பார். நான் தலையை மட்டும் ஆட்டிவிட்டு ஏறிக்கொள்வேன்.

வகுப்பில் குடும்பம் என்று ஒரு பாடம் வந்தது. "கொமான் சாப்பெல் வோத்ர மரி?" என்றாள் டீச்சர். உங்கள் வீட்டுக்காரர் பேர் என்ன என்று அர்த்தம். எனக்குப் புரிந்தது. நம் ஊரில் செய்கிற மாதிரி ஜாடை காட்டினேன். முழங்கையை மூக்கில் வைத்து, கையைத் தும்பிக்கை மாதிரி ஆட்டினேன். கருணாகரன் சார் உற்சாகமாகத் துள்ளி எழுந்து, நாய், பூனை தவிர அவருக்குத் தெரிந்த ஒரே மிருகத்தின் பேரைக் கத்தினார். "எலெஃபான்!" டீச்சர் குழம்பிப்போய், "ஆன்ட்டி, உங்க ஹஸ்பண்ட் யானையா?" என்றாள். நான் "வீ" என்றேன். ஆமாம் என்று அர்த்தம். வேறென்ன சொல்ல? அதற்குப் பிறகு நாலு சனிக்கிழமை என் வீட்டுக்காரர் அந்த வகுப்பில் யானையாகத்தான் இருந்தார். யானை தி. நகரில் வேலை பார்க்கிறது, யானைக்கு ஒரு பையன் என்று எழுதிக்கொண்டிருந்தோம்.

ஆனால் பரீட்சையில் அது நடக்காது என்று டீச்சர் சொல்லிவிட்டாள். வெளியிலிருந்து ஒரு ஃபிரெஞ்சுக்கார அம்மா வருவாள், வாயால் கேட்பாள், வாயால் சொல்லணும். குடும்பத்தில் உள்ளவர்கள் பேர் கட்டாயம் வரும். ஜஹீதா ஒரு வழி சொன்னாள். "எதுனா ஒரு பேரு சொல்லுக்கா. ரமேஷுன்னு சொல்லு. அந்தம்மாக்கு இன்னா தெரியும்?"

"முப்பத்தொரு வருஷம் அவுகளோட வாழ்ந்துட்டு, இப்ப ரமேஷ் பெண்டாட்டின்னு சொல்லவா?" என்றேன்.

"அப்போ உள்ளதைச் சொல்லேன். இனி இன்னாக்கா ஆவப்போவுது?" என்று கேட்டுவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவள் கேட்டது நியாயம்தான். அங்கேதான் எனக்கு முட்டிக்கொண்டு நின்றது மதினி. பேரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்றீர்கள். ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அப்படியும் ஐம்பத்தெட்டிலேயே போய்விட்டாக. இப்போது நான் வாயைத் திறந்து அந்தப் பேரைச் சொன்னால், இனிமேல் குறைவதற்கு அவுகளுக்கு ஆயுசு இல்லை என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகும் இல்லையா? காரியம் முடிந்து, படத்துக்கு மாலை போட்டு, சான்றிதழ் வாங்கி எல்லாம் ஆகியும், அந்த ஒரு விஷயத்தில் நான் ஒத்துக்கொள்ளாமல் வைத்திருந்தேன். அது என்னிடம் மிச்சம் இருந்தது.

போன சனிக்கிழமை பரீட்சை. ஒரு சின்ன அறை. வெள்ளை முடி, பருத்திச் சட்டை, என் வயசுதான் இருக்கும் அந்த ஃபிரெஞ்சுக்கார அம்மாவுக்கு. கையைக் காட்டி உட்காரச் சொன்னாள். என் பேர் கேட்டாள், சொன்னேன். எங்கே இருக்கிறாய் என்றாள், மந்தைவெளி என்றேன். எத்தனை பிள்ளை, பேர் என்ன என்றாள். சொன்னேன். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டாள். கையைத் தூக்கி மூக்குக்குக் கொண்டுபோனேன். அவள் கைக்குட்டை நீட்டினாள், சளி என்று நினைத்தாள் போல. கையைக் கீழே இறக்கினேன். சொன்னேன்.

முழுசாகச் சொன்னேன் மதினி. "மோன் மரி சாப்பெல்" என்று ஆரம்பித்து, உங்க தம்பி பேரை, உங்க அப்பா வைத்த பேரை, ஓர் எழுத்து விடாமல். குரல் நடுங்கவில்லை. தொடை மட்டும் நீங்கள் கிள்ளின இடத்தில் சுரீர் என்றது. சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன், என்னவோ ஆகப்போகிறது என்று.

ஒன்றும் ஆகவில்லை. அந்த அம்மா ஒரு கட்டத்தில் கோடு போட்டாள். போட்டுவிட்டு, நேற்றுப் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தவள் கேட்கிற மாதிரி, "அவருக்குப் பிடித்தது காபியா, டீயா?" என்று கேட்டாள்.

எட்டு மாசத்தில் ஒருத்தர் கேட்கவில்லை மதினி இந்தக் கேள்வியை. எப்படிச் செத்தார் என்று கேட்டார்கள், எத்தனை மணிக்கு என்று கேட்டார்கள். அவுகளுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. "தே" என்றேன், டீதான். அத்தோடு நிறுத்தியிருக்கணும். நிற்க முடியவில்லை. அவுக டீ குடிக்கிற கதை மொத்தமும் வந்துவிட்டது. கடை திறந்ததும் முதல் டம்ளர், அதில் பாதியை எனக்கு ஆற்றி வைப்பது, ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் டம்ளரைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு சிந்தாமல் நடந்து வருவது, சர்க்கரை ஜாஸ்தி என்று நான் திட்டினால் கலரைப் பார்த்தே அளவு சொல்வேன் என்று பீற்றிக்கொள்வது. எல்லாம் தமிழில். ஒரு வார்த்தை ஃபிரெஞ்சு கிடையாது. அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கன்னத்தில் கையை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் சிரித்த இடத்திலெல்லாம் அவளும் சிரித்தாள். மணி அடித்தது. மிச்சக் கேள்வி எதையும் அவள் கேட்கவே இல்லை.

ஆக, பரீட்சை ஊற்றிக்கொண்டது உறுதி. அரைவாசி நேரம் தமிழில் பேசினவளை எந்த ஊரில் பாஸ் போடுவார்கள்? அதனால் என் ஃபிரெஞ்சு இத்தோடு முடிந்தது, உங்கள் கோபமும் முடியட்டும். வாயால் சொன்னேனே தவிர, அந்தப் பேரைக் கையால் எழுத இன்னும் துணிச்சல் வரவில்லை. அதனால் இந்தக் கடிதத்தில் எங்கேயும் எழுதவில்லை, தேடிப் பாருங்கள்.

25-ந் தேதி கிளம்பி 26-ந் தேதி காலையில் திருநெல்வேலியில் இறங்குவேன். அண்ணாச்சியை ஜங்ஷனுக்கு அலையவிட வேண்டாம், நானே பஸ் ஏறி வந்துவிடுவேன். மாடி அறையைத் தூசி தட்டவேண்டாம், நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். பெரியவர்களுக்கு என் கும்பிடு, பிள்ளைகளுக்கு என் முத்தம், உங்கள் முழங்காலுக்கு என் தைலம். எல்லாரும் நூறு வருஷம் நன்றாக இருக்கணும், பேர் சொன்னாலும் சொல்லாவிட்டாலும்.

இப்படிக்கு,
உங்கள் சொல் தட்டாத
தங்கபுஷ்பம்

பி.கு.: அக்டோபர் 19. கவரை ஒட்டித் தபாலில் போடுவதற்கு முன்னால் ரிசல்ட் வந்துவிட்டது மதினி. வகுப்புக்குப் போய்ப் பார்த்தேன். மூன்று மார்க் வித்தியாசத்தில் பாஸ். தாளின் கீழே அந்த ஃபிரெஞ்சுக்கார அம்மா எழுதியிருந்ததை டீச்சர் படித்துச் சொன்னாள்: "தடையில்லாமல் பேசுகிறார். எந்த மொழியில் என்றுதான் தெரியவில்லை. அவர் கணவரைப் பார்க்க ஆவல்." ஜஹீதாவும் பாஸ். அந்த வீடியோக்காரர்கள் விலையைக் கேட்டுவிட்டுத் தங்களுக்குள் சொல்லிக்கொண்டது, "பசிக்கிறது, எங்கே சாப்பிடலாம்" என்பதுதானாம். கருணாகரன் சார் பாஸ் ஆகவில்லை, அவர் வீட்டம்மா மறுபடியும் முதலிலிருந்து சேர்த்துவிட்டார்கள். எனக்கு அடுத்த படி வகுப்பு திங்கட்கிழமை ஆரம்பம். அதனால் ரயில் டிக்கெட்டைக் கேன்சல் செய்துவிட்டேன். நீங்கள் வாருங்கள். ஊறுகாய் தயாராக இருக்கும், வட்டத்தில் உங்களுக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். குறுக்கே பேச அங்கே உங்களுக்கு வார்த்தை கிடைக்காது, அது ஒன்றுதான் கஷ்டம்.

திரும்பி வரும்போது ஆட்டோ கூப்பிட்டேன். வந்தவருக்குப் போன் சரியில்லையாம். "பேரு தெரியல மா. இன்னா பேருல கீது?" என்றார். தலையாட்டினால் போதாத கேள்வி. நடுத்தெருவில் நின்று, நாலு பேர் காதில் விழுகிற மாதிரி, "கணேசமூர்த்தி" என்றேன்.

"சரி, ஏறு கணேசமூர்த்தி" என்றார்.

ஏறிக்கொண்டேன் மதினி.